கண்ணாடியின் ஒளிவிலகலும் நிறத்தோற்றமும்: விளிம்பு நிறங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கண்ணாடி வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கின்றது என்பது பாடநூல்கள் கூறும் பொதுக்கூற்று. ஆயினும் சாளரக் கண்ணாடியின் வழியே காணும் உலகம் நிறம் மாறுவதில்லை. முப்பட்டகத்தின் வழியே நோக்கப்படும் வெள்ளைச் சுவரும் வெள்ளையாகவே நிற்கின்றது. இம்முரணை நியூட்டன், கோதே ஆகிய இருவரின் சோதனைகளை ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. ஒளி பிரிதலும் நிறம் தோன்றுதலும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதும், ஒளிரும் பரப்பின் கோண அகலத்திற்கும் கண்ணாடியின் நிறப்பிரிகைக் கோணத்திற்கும் உள்ள விகிதமே எந்நிறம் எங்கே காணப்படும் என்பதை வரையறுக்கின்றது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. கண்ணின் நிறப்பிறழ்ச்சியும் அதற்குப் பார்வைப் புலன் இசைவுறும் முறையும் இறுதிப் பகுதிகளில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒளிவிலகல், நிறப்பிரிகை, முப்பட்டகம், விளிம்பு நிறங்கள், நிறப்பிறழ்ச்சி, நிறக்காட்சி

முன்னுரை

ஒளியியல் பற்றிய பாடப்பகுதிகளில் தவறாது இடம்பெறும் படம் ஒன்றுண்டு. இடப்புறமிருந்து வெண்கோடாக வரும் ஒளிக்கற்றை முக்கோணக் கண்ணாடியுள் புகுந்து, வலப்புறம் ஏழு நிறக் கோடுகளாக விரிந்து வெளியேறும். படம் பிழையானதன்று. ஆனால் அதனை மட்டும் மனத்திற்கொண்டு ஒருவர் முப்பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து வெள்ளைச் சுவரை நோக்கினால், படம் கூறும் வண்ணப் பரப்பு அங்கே இராது. சுவரின் ஓரத்திலும் சாளரச் சட்டத்திலும் மட்டும் மெல்லிய நிறப்பட்டைகள் தெரியும். இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன.

சொற்கள் குறித்து ஒரு குறிப்பு இங்கே தேவைப்படுகின்றது. தமிழில் ‘கண்ணாடி’ என்னும் சொல் ஒளி ஊடுருவும் பொருளையும், முகம் பார்க்கும் ஆடியையும், மூக்குக்கண்ணாடியையும் ஒருசேரக் குறிக்கும். இக்கட்டுரையில் அது முதற்பொருளிலேயே ஆளப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒளிவிலகல், முப்பட்டகம், ஒளிவிலகல் எண் என வழங்குவன இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முறையே ஒளிமுறிவு, அரியம், முறிவுச்சுட்டி என வழங்கும். ‘நிறப்பிரிகை’யையும் ‘ஒளிச்சிதறல்’ என்பதையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதும் வழக்கமும் காணப்படுகின்றது. வானத்தின் நீலம் சிதறலால் விளைவது, முப்பட்டகத்தின் நிறமாலை பிரிகையால் விளைவது என்பதால் இவ்வழக்கம் தவிர்க்கத்தக்கது.

ஒளிவிலகலில் மாறுவதும் மாறாததும்

காற்றிலிருந்து கண்ணாடியுள் புகும் ஒளியின் வேகம் குறைகின்றது. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. வேகத்தில் செல்லும் மஞ்சள் ஒளி, ஒளியியற் கருவிகளில் மிகுதியாகப் பயன்படும் போரோசிலிக்கேட் கிரவுன் கண்ணாடியில் நொடிக்கு ஏறத்தாழ 1,97,600 கி.மீ. வேகத்திலேயே செல்லும். வேகம் குறைவதற்கேற்ப அலைநீளமும் குறைகின்றது. அதிர்வெண் மட்டும் மாறுவதில்லை. எல்லைப்பரப்பின் ஒரு புறத்தில் நொடிக்கு எத்தனை அலைகள் வந்து சேர்கின்றனவோ அத்தனை அலைகளே மறுபுறம் செல்லவும் வேண்டும்.

இதன் விளைவு நிறக்கொள்கைக்கு முதன்மையானது. காற்றில் 650 நானோமீட்டர் அலைநீளமுடைய சிவப்பொளி மேற்குறித்த கண்ணாடியுள் ஏறத்தாழ 429 நானோமீட்டராகக் குறுகுகின்றது. காற்றில் அந்த அலைநீளம் ஊதா சார்ந்த நீலத்திற்கு உரியது. அதே சிவப்பொளி விழிக்கோளத்தை நிரப்பியுள்ள கூழ்மப் பொருளைக் (ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.336) கடந்து விழித்திரையை அடையும்போது அதன் அலைநீளம் ஏறத்தாழ 487 நானோமீட்டர். எனினும் நாம் காண்பது சிவப்பையே. விழித்திரையின் கூம்புச் செல்களிலுள்ள நிறமிகள் ஒளியை ஏற்பது ஒளித்துகளின் ஆற்றலைப் பொறுத்தது. அவ்வாற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஆகவே ‘650 நானோமீட்டர் என்பது சிவப்பு’ என்று எழுதும்போதெல்லாம் ‘காற்றில் அல்லது வெற்றிடத்தில்’ என்னும் அடை உள்ளுறையாக நிற்கின்றது. தூய கண்ணாடி ஓர் ஒளிக்கதிரின் திசையை மாற்றும். அதன் நிறத்தை மாற்றாது.

திசைமாற்றம் எல்லா நிறங்களுக்கும் ஒரே அளவினதாக இருந்திருப்பின் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. கண்ணாடியிலுள்ள எலக்ட்ரான்களின் இயல்பான அதிர்வெண்கள் புறஊதாப் பகுதியில் அமைந்துள்ளன. புறஊதாவிற்கு அண்மையிலுள்ள ஊதாவும் நீலமும் அவ்வெலக்ட்ரான்களை வலுவாக இயக்குகின்றன. தொலைவிலுள்ள சிவப்பு குறைவாக இயக்குகின்றது. எனவே நீலம் கூடுதலாக வேகம் குன்றி, கூடுதலாக விலகுகின்றது. மேற்கூறிய கிரவுன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சிவப்பொளிக்கு (656.3 நானோமீட்டர்) 1.5143, நீல ஒளிக்கு (486.1 நானோமீட்டர்) 1.5224. வேறுபாடு 0.0081 மட்டுமே. நியூட்டனின் நிறமாலை முதல் மூக்குக்கண்ணாடி ஓரத்தில் தெரியும் வண்ணக்கரை வரை யாவும் இத்தகைய சிறு வேறுபாட்டிலிருந்து பிறப்பனவே.

இணைதளக் கண்ணாடி

சாளரக் கண்ணாடியிலும் இதே நிறப்பிரிகை நிகழ்கின்றது. 4 மி.மீ. தடிமனுள்ள கிரவுன் கண்ணாடித் தகட்டின்மீது 45 பாகைக் கோணத்தில் விழும் வெண்கதிரைக் கணக்கிட்டு நோக்கலாம். உள்ளே சிவப்பும் நீலமும் வெவ்வேறு திசைகளில் செல்கின்றன. வெளியேறும் பரப்பு முதற்பரப்பிற்கு இணையாக இருப்பதால், உள்ளே நுழைகையில் ஏற்பட்ட திசைவேறுபாடு வெளியேறுகையில் முற்றிலும் ஈடுசெய்யப்படுகின்றது. இரு கதிர்களும் இணையாக வெளிவருகின்றன. எஞ்சுவது பக்கவாட்டு இடப்பெயர்ச்சி: சிவப்பு 1.335 மி.மீ., நீலம் 1.345 மி.மீ. இரண்டிற்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வேறுபாடு.

தொலைவிலுள்ள மரத்தை நோக்கும்போது இவ்விடப்பெயர்ச்சிக்குப் பொருளே இல்லை. இணைகதிர்கள் விழித்திரையில் ஒரே புள்ளியில் குவியும். 30 செ.மீ. தொலைவிலுள்ள எழுத்தைத் தகட்டின் வழியே படித்தாலும், நூறில் ஒரு மில்லிமீட்டர் கண்ணில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 0.1 கோண நிமிடம். இயல்பான கண் பிரித்தறியக்கூடிய கோணம் ஏறத்தாழ 1 நிமிடம். ஆகவே சாளரத்தில் நிறம் தோன்றாமைக்குக் காரணம் பிரிகை இன்மை அன்று. பிரிந்தவை கண்ணின் பகுதிறனுக்குக் கீழே நிற்பதாகும்.

நியூட்டனின் நிறமாலை

இணையற்ற இரு தளங்களைக் கொண்டிருப்பதே முப்பட்டகத்தின் சிறப்பு. முதற்பரப்பில் ஏற்பட்ட திசைவேறுபாட்டை இரண்டாம் பரப்பு ஈடுசெய்யாது மேலும் பெருக்குகின்றது. 60 பாகைக் கிரவுன் முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணம் மேற்கூறிய சிவப்பிற்கு ஏறத்தாழ 38.4 பாகை, நீலத்திற்கு ஏறத்தாழ 39.1 பாகை. வேறுபாடு 0.7 பாகை அளவினது; சிவப்பின் கடைக்கோடியையும் ஊதாவையும் சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ இருமடங்காகும்.

1672-ஆம் ஆண்டு இராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான நியூட்டனின் கட்டுரை, நிறங்களின் அழகில் தொடங்கினாலும் அளவுகளால் நடத்தப்படுவது. இருட்டறையின் சாளரப் பலகையில் கால் அங்குலத் துளையிட்டு, உள்ளே வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விலகச்செய்து, 22 அடி தொலைவிலிருந்த சுவரில் விழச்செய்தார். அன்றைய விலகல் விதிப்படி அங்கே வட்டவடிவப் பிம்பம் விழுந்திருத்தல் வேண்டும். விழுந்ததோ நீள்வடிவம்: அகலம் 2⅝ அங்குலம், நீளம் 13¼ அங்குலம். அகலத்தினின்று துளையின் விட்டத்தைக் கழித்துக் கணக்கிட்டால் கிடைக்கும் கோணம் 31 நிமிடம். அது சூரிய வட்டத்தின் கோண அளவேயாகும். நீளமோ அகலத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அகலம் சூரியனுடையது, நீளம் கண்ணாடியுடையது என்று அவ்விரண்டையும் வேறுபடுத்திக் கண்டமையே இச்சோதனையின் உயிர்நாடி எனலாம். வண்ணங்களை அவருக்கு முன்னரும் பலர் கண்டிருந்தனர். நீளத்திற்கு விளக்கம் தேவை என்று உணர்ந்தவர் அவரே.

பிரிந்த ஒளியிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் துளைவழியே எடுத்து இரண்டாம் முப்பட்டகத்தில் செலுத்தியபோது அது மேலும் பிரியவில்லை. முதலில் மிகுதியாக விலகிய பகுதி மீண்டும் மிகுதியாகவே விலகியது. கண்ணாடி வெள்ளொளியைக் கறைப்படுத்தி நிறத்தை உண்டாக்குகின்றது என்னும் பழைய கருத்து இதனால் வீழ்ந்தது. ஆயினும் கதிர்கள் நிறமுடையன அல்ல, நிற உணர்வைத் தூண்டும் ஆற்றலையே அவை உடையன என்று பின்னர் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ (1704) நூலில் அவர் வரையறுத்துள்ளமை போதிய கவனம் பெறவில்லை. நிறமாலையில் நிறங்கள் ஏழு என்பதும் இயற்கை வகுத்த எண் அன்று. முதலில் ஐந்தாகக் கூறிய நியூட்டன், இசையின் ஏழு சுர இடைவெளிகளுடன் ஒப்புமை நோக்கி ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார்.

கோதேயின் வெள்ளைச் சுவர்

செருமானியக் கவிஞர் கோதே, ஜெனாவில் வாழ்ந்த பியூட்னர் என்பவரிடம் முப்பட்டகங்களை இரவல் பெற்று நெடுநாள் பயன்படுத்தாது வைத்திருந்தார். உரியவர் அவற்றைத் திரும்பக் கேட்டபோது, கொடுக்குமுன் ஒருமுறை நோக்கிவிட எண்ணி, வெள்ளை பூசிய அறைச்சுவரை அவற்றின் வழியே கண்டார். சுவர் முழுவதும் நிறங்களாகச் சிதறும் என எதிர்பார்த்தவருக்குச் சுவர் வெள்ளையாகவே தெரிந்தது. இருண்ட பகுதி ஒளிப்பகுதியைச் சந்தித்த இடங்களில் மட்டும், குறிப்பாகச் சாளரக் கம்பிகளில், நிறங்கள் ஒளிர்ந்தன. நியூட்டன் கூறியது பிழை என்று அவர் அக்கணமே முடிவுசெய்தார். 1810-இல் வெளியான அவரது நிறக்கொள்கை நூல் அம்முடிவின் மீது எழுப்பப்பட்டது. கொள்கை நிலைக்கவில்லை. காட்சி மட்டும் இன்றும் யாவரும் சரிபார்க்கக்கூடியதாக உள்ளது. அதனை நியூட்டனின் கொள்கையே முழுமையாக விளக்குகின்றது.

சுவரின் ஒவ்வொரு புள்ளியும் முப்பட்டகத்தின் வழியே சிறு நிறமாலையாக நீட்சியுறுகின்றது. அடுத்த புள்ளியின் நிறமாலை சிறிதே இடம்பெயர்ந்து அதன்மேல் விழுகின்றது, அதற்கடுத்ததும் அவ்வாறே. சுவரின் நடுவில் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒரு புள்ளியின் சிவப்பும், வேறொன்றின் பச்சையும், மற்றொன்றின் நீலமும் வந்து சேர்கின்றன. கூட்டுத்தொகை வெள்ளையாகின்றது. ஒளி அங்கும் முழுமையாகப் பிரிந்தே உள்ளது. பிரிந்தவை கண்ணுக்கு முன்னரே மீண்டும் கலந்துவிடுவதால் நிறம் தோன்றவில்லை.

விளிம்பில் இக்கூட்டல் குறைபடுகின்றது. முப்பட்டகத்தின் முனை மேல்நோக்கி இருக்குமாறு பிடித்துக் கரும்பரப்பின் நடுவேயுள்ள வெள்ளைத்தாளை நோக்குவோமாயின், தாளின் பிம்பம் மேல்நோக்கி இடம்பெயரும். ஊதாவும் நீலமும் கூடுதலாக, சிவப்பு குறைவாக. ஆகவே தாளின் மேல்விளிம்பில் ஊதாவும் நீலமும் கருமையின்மேல் நீண்டு நிற்கும். கீழ்விளிம்பில் நீலம் மேலேறிச் சென்றுவிட்டமையால் ஓரத்தில் சிவப்பும், சிவப்பும் பச்சையும் கலக்கும் உட்பகுதியில் மஞ்சளும் எஞ்சும். பச்சை எங்கும் காணப்படாது. பச்சையில்லா நிறமாலை என்பது பாடநூற் படத்திற்குப் பழகிய மாணவருக்கு வியப்பளிப்பது. ஆய்வகத்தில் இதனை முதலில் காட்டிவிட்டுப் பின்னர் நியூட்டனின் சோதனைக்குச் செல்வதே பயன்மிக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வெள்ளைத்தாளைப் படிப்படியாகக் குறுக்கிக் கீற்றாக்கினால் மேலுள்ள நீலக்கரையும் கீழுள்ள மஞ்சட்கரையும் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். அவ்விடத்தில் பச்சை பிறக்கும்; நியூட்டனின் நிறமாலை முழுமையாக வெளிப்படும். மாறாக வெள்ளைப் பரப்பில் கருங்கீற்றை வைத்து நோக்கினால், நடுவில் தோன்றுவது செவ்வூதா. நிறமாலையின் எந்த ஒற்றைக் கதிராலும் தரவியலாத நிறம் அது.

இருவரும் கண்டவற்றிற்கு இடையிலான வேறுபாடு இப்போது தெளிவாகின்றது. நியூட்டனின் ஒளிமூலம் அரைப்பாகை அகலமுள்ள சூரியன். அவரது நிறமாலை இரண்டரைப் பாகைக்கு மேல் நீண்டது. கோதேயின் ஒளிமூலமான சுவரோ பல பத்துப் பாகை அகலமுடையது. அதன்முன் முப்பட்டகம் விளைக்கும் ஓரிரு பாகை விரிவு விளிம்பிலன்றி வேறெங்கும் வெளிப்பட வழியில்லை. மூலத்தின் கோண அகலம் பிரிகைக் கோணத்தைவிடச் சிறிதாயின் நிறமாலை. பெரிதாயின் விளிம்பு நிறங்கள். ஒரே கண்ணாடி, ஒரே விதி.

வில்லைகளின் நிறப்பிறழ்ச்சி

வில்லை என்பது ஓரத்தை நோக்கிச் செல்லச்செல்லக் கோணம் மாறிக்கொண்டே போகும் முப்பட்டகங்களின் தொகுதி போன்றது. ஆகவே ஒற்றை வில்லை நீலத்தை அண்மையிலும் சிவப்பைத் தொலைவிலும் குவிக்கின்றது. விலகல் உள்ளவரை நிறப்பிரிகையும் அதற்கு விகிதமாக இருந்தே தீரும் என நம்பிய நியூட்டன், வில்லைத் தொலைநோக்கியின் இக்குறையைத் தீர்க்கவியலாது எனக் கொண்டு, 1668-இல் ஆடியாலான தொலைநோக்கியை அமைத்தார். அந்நம்பிக்கை சரியன்று, கண்ணாடிகள் யாவும் ஒரே விகிதத்தில் பிரிப்பதில்லை. கிரவுன் கண்ணாடியின் அபே எண் ஏறத்தாழ 64, பிளின்ட் வகையொன்றின் அபே எண் ஏறத்தாழ 36. எண் குறையுமளவு பிரிகை மிகும். எனவே 2.31 டயாப்டர் கிரவுன் குவிவில்லையுடன் 1.31 டயாப்டர் பிளின்ட் குழிவில்லையைச் சேர்த்தால், சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவிய, 1 டயாப்டர் திறன் எஞ்சும். செஸ்டர் மூர் ஹால் 1733-ஐ ஒட்டி இத்தகைய வில்லையை உருவாக்கினார். ஜான் டொலாண்ட் 1758-இல் காப்புரிமை பெற்றார்.

இடையில் ஆய்லர் 1747-இல் முன்வைத்த வாதம் சுவையானது. மனிதக் கண் பல ஊடகங்களால் ஆனது, அதில் நிறக்கரைகள் தெரிவதில்லை, ஆகவே பல ஊடகங்களைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சியை நீக்க இயலும் என்பது அவ்வாதத்தின் போக்கு. முடிவு சரி, கண்ணைப் பற்றிய முற்கோள் சரியன்று.

மூக்குக்கண்ணாடி அணிவோர் இப்பிறழ்ச்சியை நாளும் சந்திக்கின்றனர். 5 டயாப்டர் குழிவில்லையின் மையத்திலிருந்து 1 செ.மீ. விலகி நோக்கும்போது, சி.ஆர்-39 என்னும் பிசினாலான வில்லையில் (அபே எண் ஏறத்தாழ 58) சிவப்பிற்கும் நீலத்திற்கும் இடையே 3 கோண நிமிட அளவும், பாலிகார்பனேட் வில்லையில் (ஏறத்தாழ 30) 6 கோண நிமிட அளவும் வேறுபாடு உண்டாகும். உடையாமை கருதிப் பாலிகார்பனேட்டுக்கு மாறுவோரிற் சிலர், தெருவிளக்கின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் தெரிவதாகக் கூறுவது இதனாலேயே. அது கண்நோயின் அறிகுறி அன்று.

கண்ணும் ஒரு வில்லை

கண்ணின் திறன் காணுறு நிறமாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 2 டயாப்டர் மாறுபடுகின்றது. பொருளின் மஞ்சள்-பச்சை ஒளி விழித்திரையில் கூர்மையாகக் குவியும்போது, அதன் நீலப்பகுதி விழித்திரைக்கு முன்னரே குவிந்து மங்கலாகின்றது. கண் மருத்துவர்கள் பார்வைத்திறனைச் சோதிக்கையில் சிவப்புப் பின்னணியிலும் பச்சைப் பின்னணியிலும் எழுத்துகளைக் காட்டி எது தெளிவு என வினவுவது இவ்வியல்பைப் பயன்படுத்தியே. சிவப்பு தெளிவாகத் தெரிந்தால் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்வு; பச்சை தெளிவாயின் தூரப்பார்வைப் பக்கம். கருமை அல்லது நீலப் பின்னணியில் அச்சிட்ட சிவப்பு எழுத்துகள் பலருக்கு முன்னெழுந்து நிற்பதுபோல் தோன்றுவதும், இரு கண்களிலும் சிவப்பும் நீலமும் சற்றே வேறுபட்ட இடங்களில் விழுவதன் விளைவே.

இவ்வளவு பிறழ்ச்சி இருந்தும் நாம் காணும் பொருள்களைச் சுற்றி நிறக்கரைகள் தெரியாமைக்குக் காரணங்கள் சில உள்ளன. விழித்திரையின் மஞ்சள் புள்ளியிலுள்ள நிறமி நீல ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றது. அதன் மையக்குழியின் நட்டநடுவே நீலத்திற்குரிய கூம்புச் செல்களே இல்லை. இவை உறுப்பின் அமைப்பைச் சார்ந்தவை. எஞ்சியதைச் சரிசெய்வது புலனறிவின் பணி.

விளிம்பு நிறங்களுக்கு இசைவாதல்

ஆஸ்திரியாவின் இன்சுபுரூக் நகரில் ஈவோ கோலர் நடத்தி 1951-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குச் சான்றாகின்றன. முப்பட்டகம் பொருத்திய மூக்குக்கண்ணாடிகளை அணிந்தவர்கள் பல நாள்களுக்கு அவற்றுடனேயே வாழ்ந்தனர். தொடக்கத்தில் ஒவ்வொரு விளிம்பிலும், கோதே கண்டவாறே, ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சள்-சிவப்பும் தெரிந்தன. நாள் செல்லச்செல்ல அவை மங்கின. கண்ணாடியில் எம்மாற்றமும் இல்லை. விழித்திரையில் விழுந்த ஒளியிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றியபோது எதிர்நிறக் கரைகள் தோன்றின: முன்பு நீலம் இருந்த பக்கத்தில் மஞ்சள், மஞ்சள் இருந்த பக்கத்தில் நீலம்.

இதனைச் சாதாரண நிறக்களைப்பாகக் கொள்ள இயலாது. செந்நிறத்தை நெடுநேரம் நோக்கிய பின் வெண்சுவரில் தோன்றும் பச்சைப் பின்பிம்பம் விழித்திரையின் குறிப்பிட்ட இடத்திற்கு உரியது. கோலரின் சோதனையிலோ கண்கள் இடைவிடாது அசைந்தன. விழித்திரையின் ஒரே இடத்தில் ஒரு நொடி நீலமும் மறுநொடி மஞ்சளும் விழுந்தன. மாறாது நின்றது, இடப்புறம் ஒளியும் வலப்புறம் இருளும் உள்ள விளிம்பிற்கு ஒரு நிறம், அதற்கு எதிரான விளிம்பிற்கு மற்றொரு நிறம் என்னும் தொடர்பு மட்டுமே. பார்வைப் புலன் கற்றுக்கொண்டு கழித்தது அத்தொடர்பையே. 1965-இல் செலஸ்ட் மெக்கல்லோ இத்தகைய இசைவை முப்பட்டகம் இன்றியே உண்டாக்கினார். செங்குத்துக் கோடுகளை ஒரு நிறத்திலும் கிடைக் கோடுகளை மற்றொரு நிறத்திலும் சில நிமிடங்கள் மாறிமாறிக் காட்டியபின், கருப்பு வெள்ளைக் கோடுகள் தத்தம் திசைக்கேற்ப எதிர்நிறச் சாயலுடன் தோன்றின. அச்சாயல் பல மணிநேரம் நீடிப்பதும் உண்டு. அப்போது கண்ணின் முன் கண்ணாடியும் இல்லை, பிரிந்த ஒளியும் இல்லை.